நாற்பதாவது பிழை

1905 ஏப்ரல் 11, செவ்வாய்

இன்று துவைத்த துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும். சிப்பியிலிருந்து பொத்தான் வெட்டும் ஆலையின் தூள் காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் படிந்துவிட்டது. கொடியில் தொங்கியபோது வெயிலில் மினுமினுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் எடுக்க மறந்தேன். முப்பத்து மூன்று வயதிலும் இந்தப் பகல்கனவுப் புத்தி போகவில்லை, இனிமேல் எங்கே போகப்போகிறது.

மத்தியானம் இரும்புக்கடை டாலிவர் வந்தார். எங்கள் லின்டன் லாண்டிங்குக்கு பேஸ்பால் லீக்கில் இடம் கிடைத்துவிட்டதாம்! மிசிசிப்பிக் கரையோரத்து ஆறு ஊர்கள், அதில் நாமும் ஒன்று. இதுவரை முடிவெட்டுகிறவரும் வங்கி குமாஸ்தாவும் சனிக்கிழமைகளில் ஆடிய பேஸ்பால் வேறு. இனிச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். அணிக்குப் பெயர் 'பொத்தான்கள்'. மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்கப்போகிறார்கள் என்றேன். "சிரிக்கட்டும், சட்டையில நம்ம பொத்தான்தானே மாட்டியிருக்காங்க" என்றார். அவர்தான் கழகத்தின் தலைவராம்.

ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்கு என் வீட்டில் தங்க இடம் கேட்டார். தருகிறேன் என்றேன். அப்பா போனதிலிருந்து மாடி அறைகள் காலியாகத்தானே கிடக்கின்றன.

அப்படியும் அவர் கிளம்பவில்லை. தொப்பியைத் திருகிக்கொண்டே குரலைத் தணித்தார். "ஆட்டத்துல அடி, பிழை, ஓட்டமெல்லாம் எழுதற கணக்கர் ஒருத்தர் வேணும், மிஸ் க்ரெப்ஸ். யாருன்னு வெளிய தெரியவே கூடாது. போன வருஷம் எதிர்க்கரை ஊர்ல கணக்கரைத் தெரிஞ்சுக்கிட்டு ஆட்டக்காரங்க தூக்கிக் குதிரைத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுட்டாங்க. ரெண்டு தடவை. லீக்லயே சொல்லிட்டாங்க, பேரை ரகசியமா வச்சுக்கோங்கன்னு. நீங்க பன்னெண்டு வயசுலேருந்து எழுதறீங்க. உங்களைப் போய் யாரு சந்தேகப்படுவா?"

யாரும் படமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் சரி என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே சரி என்றிருப்பேன்.

மே 4, வியாழன்

முதல் ஆட்டம். புது மரம் மணக்கும் மேடை, பெண்களுக்குத் தனி வரிசை, வேலிக்கு அப்பால் ஆறு. தோற்றோம், ஒன்பதுக்கு இரண்டு. எனக்கு வானத்தில் மிதப்பது போலிருந்தது.

மடியில் குரோஷா பின்னல், அதன் கீழே ஆட்டத் தாள். கட்டம் கட்டமாய்ப் புள்ளியும் எண்ணும். பின்னலுக்கான மாதிரியைக் குறித்துக்கொள்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் தாளை உறையிலிட்டு டாலிவர் கடையில் ஆணி வாங்குகிற சாக்கில் கொடுத்துவிட வேண்டும். அவர் லீக் தலைமைக்குத் தபாலில் அனுப்பிவிட்டு ஒரு பிரதியைப் பத்திரிகைக்குத் தருவார். இன்று கால் பவுண்டு ஆணி. வீட்டில் அடிக்க ஒன்றுமில்லை.

மே 5, வெள்ளி

இரவு உணவுக்கு மாடியில் தங்கும் மூன்று பேரும் கணக்கரைத் திட்டித் தீர்த்தார்கள். இல்லை, இரண்டு பேர்.

மானேஜர் டெவ்லின் (அவரும் ஆடுகிறவர்தான்) மீசையில் குழம்போடு கத்தினார்: "நேத்து நம்ம பையன் ஒருத்தன் அடிச்சது சுத்தமான அடி! அதைப் பிழைன்னு போட்டிருக்கான். எவன்டா அவன்? அந்த மருந்துக்கடைக்காரன்தான். மூக்குக் கண்ணாடிய பாருங்க, போதாதா?"

கிளெம் யோடர் — பந்து எறிகிறவன், இருபத்தொரு வயது, பண்ணையிலிருந்து நேரே வந்தவன், மெனோனைட் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம், ஞாயிறு ஆடமாட்டான் — மருந்துக்கடைக்காரர் அன்று கடையிலேயே இருந்தார் என்று வாதாடினான்.

மூன்றாமவர் ஆரின் ப்ரூயிட். மூன்றாவது பேஸில் நின்று வரும் பந்தைப் பிடிப்பவர், மிசௌரிக்காரர், வயது முப்பத்தாறு. ரொட்டியில் வெண்ணெய் தடவினார். நேற்று அவர் பெயரில் இரண்டு பிழை எழுதியிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு?" என்று கேட்டேன். சிரிப்பை அடக்கப் பாத்திரத்தைப் பார்த்தபடியே நீட்டினேன்.

மே 30, செவ்வாய்

மறந்துவிடாமல் எழுதிவைக்கிறேன், பேஸ்பால் தெரியாதவன் என்றைக்காவது இந்த நோட்டைப் படித்தால் (யார் படிக்கப்போகிறார்கள்). அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸ் என்ற மூலையைத் தொட்டுவிட்டான் என்றால் ஒரே கேள்விதான்: அவன் அடித்த திறமையா, பிடிக்க வேண்டியவன் கை நழுவவிட்டதா? அடியா, பிழையா? நடுவர் அதைச் சொல்வதில்லை. கணக்கர்தான் சொல்ல வேண்டும். அடி என்றால் ஒருவன் வருடக் கணக்கு உயர்கிறது. பிழை என்றால் இன்னொருவன் வருடக் கணக்கு தாழ்கிறது. ஊர் ஊராய்ச் சுற்றி இவர்கள் சம்பாதிப்பதெல்லாம் கடைசியில் அந்தக் கட்டத்துக்குள் என் பென்சில் போடும் எழுத்துத்தான். அதனால் பார்த்ததை மட்டும் எழுதுவேன். பார்க்காததை எழுதமாட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் திருமதி டால் வந்து, "அந்த மாதிரியைப் பாத்துப் பின்னினேன், ஒரு மூலை மட்டும் பொருந்தவே மாட்டேங்குதுடி" என்று ஒரு மேசை விரிப்பை நீட்டினார். மேடையில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து என் ஆட்டத் தாளை நகல் எடுத்திருக்கிறார். மே 30 நினைவுநாள் ஆட்டம், ஏழாவது சுற்று வரைக்கும், வெள்ளை நூலில்! பொருந்தாத மூலையில் நாம் ஆறு ஓட்டம் கொடுத்திருந்தோம். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி அவருக்கு அடுப்பில் சுட்ட இனிப்புப் பை ஒன்று கொடுத்தனுப்பினேன். ருபார்ப் தண்டு போட்டது.

ஜூலை 4, செவ்வாய்

மழை. சுதந்திர நாள் ஆட்டம் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. டெவ்லினும் யோடரும் மாடியில் தூங்கினார்கள். ஆரின் ப்ரூயிட் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, கேட்காமலே பட்டாணி உரித்தார். மூன்று விரல் ஏதோ ஒரு காலத்தில் உடைந்து கோணலாய்ச் சேர்ந்திருக்கின்றன, ஆனாலும் என்னைவிட வேகம்.

வழியில் பொறுக்கிய சிப்பி ஒன்று பையில் வைத்திருந்தார். ஆலையில் பொத்தான் வெட்டி எடுத்தபின் எறிவது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதைக் கண்ணருகே பிடித்து ஜன்னலைப் பார்த்தார். "ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஆறு தெரியுது, மிஸ் க்ரெப்ஸ்." என்னிடம் கொடுத்தார். இந்த ஊரிலேயே பிறந்து அந்தச் சிப்பிகளின் மேலேயே நடந்து வளர்ந்தவள் நான். ஒருநாளும் பார்த்ததில்லை.

மழை சாயங்காலம் வரை விடவில்லை. விட வேண்டாம் என்றிருந்தது.

ஜூலை 20, வியாழன்

வெயில். யாரோ அடித்த பந்து வேலியைத் தாண்டி ஆற்றில் விழுந்து, மரத்தெப்பம் ஒன்றின் பின்னாலேயே மிதந்து போனது. ஆட்டம் நின்று எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு அணியும், நடுவரும்கூட. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. படகு மணி அடித்த பிறகுதான் ஆளாளுக்கு இடத்துக்குத் திரும்பினார்கள்.

ஆரினுக்கு இன்று ஒரு பிழை. மொத்தம் இருபத்தாறு. எழுதும்போது வருத்தமாக இருந்தது. வருத்தப்பட்டேன் என்பதைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

முன்வாசலில் டெவ்லின் ஆரினிடம் பேசியது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. சரி, கேட்டேன்.

"ஆரின், உன் மேல எனக்குக் கோபம் இல்லப்பா. கை மெதுவாயிடுச்சு. கழகத்துல சொல்லிட்டாங்க, நாப்பது பிழை பண்றவனை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கக் கூடாதுன்னு. நாப்பதைத் தொட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"இப்ப எவ்வளவு?"

"முப்பத்திரண்டு."

"சரி" என்றார். அவ்வளவுதான். பிறகு உள்ளே வந்து தண்ணீர் குடித்தார்.

இங்கே இடமில்லை என்றால் அவர் கிளம்பிவிடுவார். அக்காள் வீடு மிசௌரியில் இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் இந்த வீட்டு வாசற்படியில் அவர் காலடி கேட்காது. அந்த முப்பத்திரண்டையும் எழுதியது யார்? நான்தான். வேறு யார்.

ஆகஸ்ட் 29

முப்பத்தேழு.

செப்டம்பர் 6

முப்பத்தொன்பது. நேரே வந்த பந்து. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

செப்டம்பர் 9, சனி

கடைசி ஆட்டம். ஆற அமர எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே விளங்காது.

கிழக்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார், வைக்கோல் தொப்பி, பெரிய அணி ஒன்றுக்கு ஆள் தேடுகிறவர். யோடரைப் பார்க்கத்தான். யோடர் இன்று எறிந்த விதம்! ஐந்து சுற்று, ஆறு, ஏழு — எதிரணிக்கு ஒரு அடிகூட இல்லை. மேடையில் ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் கெட்டுவிடும். திருமதி டால்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார்.

எட்டாவது சுற்று. வெயில் சாய்ந்து ஆற்றின் மேல் பட்டு மைதானத்துக்குத் திரும்பி வந்தது. ஆரின் தொப்பியைக் கழற்றி முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். வெளிச்சத்தில் தலைமுடி ஓரம் நரைத்திருப்பது தெரிந்தது. இந்த நரை எப்போது வந்தது, இங்கே வந்த பிறகா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் மனதில் ஓடியது. ஜன்னலில் பனி —

சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்து நின்றது. பந்து அவர் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. அடித்தவன் முதல் பேஸில் நின்றான்.

நான் பார்க்கவில்லை.

பந்தைப் பார்க்கவில்லை. கல்லில் பட்டுத் துள்ளியதா, நேராகக் கைக்கு வந்து நழுவியதா, தெரியவில்லை. இருபத்தொரு வருடத்தில் ஒரு பந்தைத் தவறவிட்டதில்லை, அய்யோ, இன்றைக்குத்தானா!

அதன்பின் யாரும் முதல் பேஸ் பக்கம்கூடப் போகவில்லை. இரண்டுக்குச் சுழி, ஜெயித்தோம். அந்த ஒரே கட்டம் என் தாளில் வெறுமையாக இருக்கிறது. பிழை என்றால் யோடருக்கு ஒரு அடிகூடக் கொடுக்காத அபூர்வ ஆட்டம், தொப்பிக்காரர் கையோடு அழைத்துப் போய்விடுவார். ஆரினுக்கு நாற்பது. அடி என்றால் ஆரின் இங்கே இருப்பார், யோடர் சாதாரணமாய் ஜெயித்த ஒருவன்.

நாளை கடை மூடியிருக்கும். திங்கள் காலை வரை எனக்கு நேரம். தொப்பிக்காரரும் அதுவரை காத்திருக்கிறாராம்.

ஆணி வாங்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு. பன்றி வறுவல், முட்டைக்கோஸ். நான் கேட்க வேண்டியிருக்கவே இல்லை, டெவ்லின் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "அந்த மறைஞ்சிருக்கிற மகராசன் என்ன எழுதியிருக்கான்னு தெரியலையே. ஊரே தூங்கலை."

யோடர் வழிபாட்டுக்குப் போய் வந்த கறுப்புக் கோட்டோடேயே இருந்தான். தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "அது அடிதான். கல்லுல பட்டுத் துள்ளிச்சு. நான் பாத்தேன். ஆரின் அண்ணனால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

டெவ்லின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "டேய், உனக்குப் புத்தி இருக்கா? அடின்னா உன் கதை அவ்வளவுதான்டா."

"தெரியும். ஆனா துள்ளிச்சு."

ஆரின் நிதானமாக மென்று விழுங்கிவிட்டுப் பேசினார். "துள்ளலை, கிளெம். பால் மாதிரி வந்துச்சு. கைக்குள்ள வந்துச்சு, மூடறதுக்குள்ள போயிடுச்சு. அடின்னு எவனாவது எழுதினா அவன் பொய்யன்."

"அண்ணே, துள்ளிச்சுண்ணே!"

"சாப்பிடுப்பா."

இரண்டு பேரும் அவரவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறார்கள். என் வீட்டு மேசையில், என் முட்டைக்கோஸுக்கு முன்னால்! யாரை நம்புவது?

நான் ஆரினைப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் புத்தி மாறிவிடும். யோடரைப் பார்த்தேன். பையனுக்குக் காது இரண்டும் சுட்ட செங்கல் நிறம். கழுத்து வரை இறங்கியிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு. முதல் பொய்யாகக்கூட இருக்கலாம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

பிறகு மைதானத்துக்கு நடந்து போனேன். மூன்றாவது பேஸ் அருகே மண்ணை ஏற்கெனவே வாரி இழுத்து மட்டம் செய்துவிட்டார்கள். கல்லும் இல்லை, தடமும் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து பெண்கள் வரிசை நன்றாகத் தெரிகிறது.

அந்தக் கட்டத்தை என்னால் அடி என்று நிரப்ப முடியும். ஒருத்தருக்கும் தெரியாது. யோடரே சாட்சி. எனக்கு அவர் வேண்டும். எழுதுகிறேன், இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்: எனக்கு அவர் வேண்டும், வேறெதுவும் இவ்வளவு வேண்டியிருந்ததில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

பிழை.

டாலிவர் என் கண்ணெதிரே உறையைப் பிரித்தார். "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன். "ஆணி எவ்வளவு?" இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஊரெங்கும் யோடர் யோடர் என்றுதான் பேச்சு. பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. பையன் சமையலறையில் வந்து அழுதான். "அண்ணன் முகத்தைப் பாக்க முடியலக்கா." ஆரின் அவன் தோளைத் தட்டி, அவன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரயில் வரைக்கும் போனார்.

டெவ்லின், ஆரினுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்ற கழகத்தின் கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

செப்டம்பர் 14, வியாழன்

ஆரினின் ரயில் நான்கு மணிக்கு. மூன்றுக்கு நான் மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, பெட்டியை வாரால் கட்டிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். "மருந்துக்கடைக்காரர் இல்ல. நான்தான். ஏப்ரல்லேருந்து நான்தான் எழுதறேன். நாப்பதும் நான்தான்."

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். படகு மணி அடித்தது, ஓய்ந்தது.

"குரோஷா" என்றார் கடைசியில்.

"ஆமா."

"கடைசிப் பந்து. எப்படி இருந்துச்சு அங்கேருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது. பாக்கல."

"பாக்கலையா? எல்லாரும் அதைத்தானே பாத்தாங்க. நீங்க எங்க பாத்தீங்க?"

"உங்களை."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. "அப்ப அந்தப் பிழையை ரெண்டு பேர் பேர்லயும் போட்டிருக்கணும், மிஸ் க்ரெப்ஸ்" என்றார். கோபமா? வேடிக்கையா? இரண்டுமா?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன், திருப்பத்தில் மறையும்வரை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

நவம்பர் 3, வெள்ளி

தபால் அட்டை. "இங்கே எந்த அணியும் என்னை எடுக்கவில்லை. அக்காள் வீட்டில் பன்றிகளைப் பார்த்துக்கொள்கிறேன். யோடர் நன்றாக எறிந்தானாமே. குளிர் எப்படி? ஆ. ப்ரூயிட்."

குளிர் எப்படி! நான்கு பக்கம் பதில் எழுதினேன். மூன்றைக் கிழித்தேன்.

டிசம்பர் 19

பொத்தான் ஆலையில் வெட்டும் இயந்திரத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், கோணல் விரலானாலும் பரவாயில்லையா என்று ஆரின் கேட்டு எழுதியிருக்கிறார். ஆலையிலும் கேட்டேன். பரவாயில்லையாம். எனக்கு எப்போதுமே பரவாயில்லை.

1906 பிப்ரவரி 10, சனி

எங்கள் கல்யாணம், லூத்தரன் தேவாலயத்தில். பனி. ஆறே பேர். டாலிவர் மோதிரத்தை எந்தப் பையில் வைத்தார் என்று தேடினார். திருமதி டால் பரிசாகத் தந்தது அந்த மேசை விரிப்பு.

ஏப்ரல் 28, சனி

முதல் ஆட்டம். மழை ஓய்ந்து வெயில். தோற்றோம், ஐந்துக்கு நான்கு. ஆரினும் நானும் பக்கத்துப் பக்கத்தில், என் மடியில் அதே குரோஷாவும் ஆட்டத் தாளும். கணவன்மார் பெண்கள் வரிசையில் உட்காரலாம் என்று இந்த வருடம் விதி.

இரவு உணவுக்கு மூன்று புதுப் பையன்கள். மூன்றாவது பேஸில் ஆரின் இடத்துக்கு வந்திருக்கும் இந்தியானாக்காரனும் ஒருவன். "நான் விட்டது துள்ளின பந்துங்க. அதுக்குப் போய்ப் பிழையாம். யாருங்க உங்க ஊர்க் கணக்கன், குருடனா?" என்று கத்தினான்.

ஆரின் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "குருடு இல்லப்பா. பந்து நேரா உன் கைக்குள்ளதான் வந்துச்சு. சாப்பிடு."

நான் உருளைக்கிழங்கை நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான், இரண்டாவது தடவையும்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். மைதானத்தில் பந்து மூன்றாவது பேஸ் பக்கம் போகும்போதெல்லாம், முழங்கால் மேல் இருக்கும் அவர் வலது கை தானாகவே விரிந்து மூடுகிறது. அவருக்கே தெரியாது. இரண்டாவது சுற்றில்தான் அதைக் கவனித்தேன். அதன்பின் கடைசிவரை நான் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.